ஒரு குருவிக் குஞ்சு, ஒரு குழல், ஒரு நீதிபதி: ‘ரெக்கார்டர்’ யாருடைய பெயர்?

1773 ஜனவரியில் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் செயலாளருக்கு ஒரு நீண்ட கடிதம் போகிறது. எழுதியவர் டெய்ன்ஸ் பாரிங்டன். பறவைகளுக்குப் பாட்டு பிறவியிலேயே வருகிறதா, கேட்டுக் கேட்டுப் பழகுகிறதா என்பதுதான் விஷயம். குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து வந்து, வேறு இனப் பறவைகளோடு வைத்து வளர்த்துப் பார்த்து, அதில் கண்டதையெல்லாம் எழுதியிருக்கிறார். பறவையியல்காரர்கள் இன்றும் இந்தக் கடிதத்தை மதிப்போடு குறிப்பிடுவார்கள். ஆனால் நம்ம கேஸ் பறவை இல்லை. அந்தக் கடிதத்தில் போகிற போக்கில் அவர் எழுதிவிட்டுப் போன ஒரு வரி.

குஞ்சு முதலில் கீச்சிடும், அப்புறம் அழைப்பொலி வரும், அதற்கு அடுத்து வாய்க்குள்ளேயே முணுமுணுத்து முணுமுணுத்துப் பாட்டைப் பழகத் தொடங்கும். பறவை பிடித்து விற்பவர்கள் இந்த மூன்றாவது கட்டத்துக்கு ‘ரெக்கார்டிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்கிறார் பாரிங்டன். எடிசனின் ஒலிப்பதிவு இயந்திரம் வர இன்னும் நூறு வருஷம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்றும் ஒரு ஊகம் சொல்கிறார்: முன்பு இங்கிலாந்தில் ரெக்கார்டர் என்று ஒரு இசைக்கருவி இருந்தது, அது ஒருவகைக் குழல் போலிருக்கிறது, குஞ்சுகளுக்கு ராகம் பழக்க அதை ஊதியிருப்பார்கள், அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

வரி சின்னதுதான். ஆனால் எழுதிய ஆளைப் பாருங்கள். பாரிங்டன் தொழிலால் வழக்கறிஞர், வேல்ஸில் நீதிபதியாக இருந்தவர், 1764-ல் பிரிஸ்டல் நகரத்துக்கு அவர் வகிக்க வந்த பதவியின் பெயர் என்ன தெரியுமா? ரெக்கார்டர். அதாவது ரெக்கார்டராக இருந்த ஒருவர், குருவிக் குஞ்சின் ரெக்கார்டிங்கைப் பற்றி எழுதும்போது, அது ரெக்கார்டர் என்ற குழலிலிருந்து வந்திருக்கும் என்கிறார். தன் பதவிக்கும் அதே பெயர்தானே என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றும் ஒரே ஆளின் கையில் வந்து விழுந்தும் அவர் இரண்டைத்தான் முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சு சரியா, விட்டுப்போன மூன்றாவதற்கு இதில் பங்கு உண்டா என்று பார்த்துவிடலாம்.

ஆள் சாதாரணமாக ஆதாரம் இல்லாமல் பேசுகிறவர் இல்லை. 1765-ல் லண்டனுக்கு வந்திருந்த சிறுவன் மோஸார்ட்டை நேரில் போய்ப் பரிசோதித்தவர் இவர்தான். இதுவரை பார்த்தே இராத இசைத்தாளை எடுத்து வைத்து வாசிக்கச் சொன்னார், பையன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் பிடித்த பூனை உள்ளே வர, ஹார்ப்சிகார்டை அப்படியே விட்டுவிட்டுப் பூனை பின்னால் ஓடியதையும், வெகுநேரம் அவனைத் திரும்ப உட்காரவைக்க முடியாததையும் எழுதிவைத்தார். அத்தோடு நிறுத்தவில்லை, அப்பா வயதைக் குறைத்துச் சொல்கிறாரோ என்று சந்தேகப்பட்டு சால்ஸ்பர்க்கிலிருந்து பிறப்புப் பதிவின் சான்றை வரவழைத்துப் பார்த்த பிறகுதான் ராயல் சொசைட்டிக்கு அறிக்கை அனுப்பினார். வக்கீல் புத்தி. அப்படிப்பட்டவர் இந்த ஒரு விஷயத்தில் ஊகத்தோடு நிறுத்திக்கொண்டார் என்றால், கையில் ஆதாரம் இல்லை என்று அர்த்தம். ஏன் இல்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

முதலில் குழல். ரெக்கார்டர் என்பது நேராகப் பிடித்து ஊதும் குழல். நம்ம புல்லாங்குழல் போலக் குறுக்கே பிடிப்பதில்லை. வாய் வைக்கும் முனையில் ஒரு கட்டை செருகி, நடுவில் மெல்லிய காற்றுவழி விட்டிருப்பார்கள், மேலே ஏழு துளைகள், பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. ஜெர்மன்காரர்கள் அந்தக் கட்டையை வைத்தே அதற்குப் பெயரிட்டார்கள், பிளாக்ஃப்ளோட்டெ. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது அலகுக் குழல், இத்தாலியர்களுக்கு இனிய குழல். உருவத்தையோ ஒலியையோ பார்த்து வைத்த பெயர்கள், புரிகிறது. ஆங்கிலத்தில் மட்டும் சம்பந்தமே இல்லாமல் ரெக்கார்டர். இந்தப் பெயருக்கு வழக்கமாகக் காட்டப்படும் மிகப் பழைய சாட்சி 1388-ஆம் ஆண்டின் வீட்டுக் கணக்கு ஒன்று. பின்னாளில் நான்காம் ஹென்றி மன்னரான டெர்பி பிரபுவுக்காக, இன்ன பெயருடைய குழல் ஒன்று வாங்கியது என்று லத்தீனில் செலவு எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சிலர் ‘ரெக்கார்டோர்’ என்று வாசிக்கிறார்கள், சிலர் ‘ரிகோர்டோ’ என்று வாசிக்கிறார்கள். இரண்டாவது சரியென்றால் அது இத்தாலிய மொழியில் நினைவு, நினைவுப்பொருள் என்று பொருள்படும் சொல். தகராறு இன்னும் தீரவில்லை. ஒரு கணக்குப்பிள்ளையின் கையெழுத்தை நம்பி அறுநூறு வருஷம் கழித்து அடித்துக்கொள்கிறோம், இதுதான் சொல்லாராய்ச்சி.

அடுத்த நூற்றாண்டிலிருந்து சந்தேகத்துக்கு இடமில்லை, ஆங்கிலக் கவிதையிலேயே குழலின் பெயராக ரெக்கார்டர் வந்துவிடுகிறது. எட்டாம் ஹென்றி செத்த பிறகு 1547-ல் எடுத்த சொத்துப் பட்டியலில் 76 ரெக்கார்டர்கள் இருக்கின்றன. ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட் தன்னை வேவு பார்க்க வந்த நண்பன் கையில் ஒரு ரெக்கார்டரை நீட்டி, ‘வாசி பார்க்கலாம்’ என்று மடக்குகிறான்.

ஆக, குழலுக்கு அந்தப் பெயர் வந்தபோது அதே சொல்லுக்கு இங்கிலாந்தில் வேறு என்ன பொருள்கள் புழங்கின என்று பார்க்க வேண்டும். வேர் லத்தீனின் ‘ரெகார்டாரி’. ‘ரெ’ என்றால் மறுபடி, ‘கார்’ என்றால் இதயம். மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுவருவது, அதாவது நினைவுகூர்தல். பழைய பிரெஞ்சுக்குள் அது ‘ரெகார்டெர்’ என்று போனபோது நினைத்துக்கொள்வதோடு நிற்காமல் வாய்க்கும் வந்துவிட்டது: எடுத்துச் சொல்வது, திரும்பச் சொல்வது, பாடத்தை மனசில் ஏற்றிக்கொள்வது எல்லாம் அந்த ஒரே சொல். ஆங்கிலத்தில் 13-ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பொருள்கள் வந்துவிட்டன. இதற்கெல்லாம் சேர்த்து நமக்கு ஒரே வார்த்தை இருக்கிறது: ஒப்பிப்பது. நாம் ரெக்கார்ட் என்றதும் பதிவு, பதிவேடு என்று எழுத்துப் பக்கமே போகிறோம், ரெக்கார்டு ரூம், ரெக்கார்டு நோட்டு என்று காகிதமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்தக் காலத்து ஆளுக்கு அது வாய் சம்பந்தப்பட்ட வேலை. ரெக்கார்டர் என்றால் ஒப்பிக்கிறவர்.

நீதிமன்றத்துக்குப் போனால் இது இன்னும் பச்சையாகத் தெரியும். இடைக்கால இங்கிலாந்தில் ஒரு நீதிமன்றத்தின் ரெக்கார்ட் என்பது முதலில் எழுத்தே இல்லை. அங்கே என்ன நடந்தது என்று அங்கே இருந்த நீதிபதிகளோ பெரியவர்களோ வாயால் சொல்வதுதான் ரெக்கார்ட். மன்னரின் நீதிமன்றம் அப்படி ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை எதிர்த்துச் சாட்சி கொண்டுவர முடியாது. நம் அரசியல் சட்டத்தின் 129-ஆம் உறுப்பு உச்ச நீதிமன்றத்தையும் 215-ஆம் உறுப்பு உயர் நீதிமன்றங்களையும் ‘கோர்ட் ஆஃப் ரெக்கார்ட்’ என்று சொல்வது அந்தப் பழைய மரபின் வால்தான். கோப்பு வைத்திருக்கும் நீதிமன்றம் என்று மேலோட்டமாகப் படித்தால் பாதிதான் புரியும்.

லண்டன் நகரத்துக்கு ரெக்கார்டர் என்ற பதவி 1298-லிருந்து இருக்கிறது, முதலில் அறியப்படுபவர் ஜெஃப்ரி டி நார்ட்டன். நகரத்துக்கு என்று தனி வழக்கங்கள் உண்டு, சொத்து எப்படிப் பிரியும், கடனுக்கு யாரைப் பிடிக்கலாம், யார் வியாபாரம் செய்யலாம் என்று. மன்னரின் நீதிமன்றத்தில் ஏதாவது வழக்கில் ‘லண்டன் வழக்கம் இது’ என்று ஒரு தரப்பு சொல்லி, மறுதரப்பு இல்லை என்றால், மேயரும் ஆல்டர்மேன்கள் என்ற மூத்த நகரமன்ற உறுப்பினர்களும் தங்கள் ரெக்கார்டரை அனுப்புவார்கள். அவர் போய் நின்று, எங்கள் நகர வழக்கம் இன்னது என்று வாய்மொழியாகச் சொல்வார். அதுவே சான்று, அதற்கு மேல் பேச்சில்லை. ஊர்க் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து ‘இங்கே இப்படித்தான் நடக்கும்’ என்றால் எப்படி அடங்குமோ அப்படி, இவருக்குப் பின்னால் சாசனமும் இருந்தது. நாளடைவில் இவரே நீதிபதியாக உட்கார்ந்தார். இன்றும் லண்டனின் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிக்கு ரெக்கார்டர் ஆஃப் லண்டன் என்றுதான் பெயர்.

இந்தப் பதவியில் இருந்தவர்கள் எல்லாரும் ஒழுங்கு என்று சொல்ல முடியாது. 1678-ல் அதில் அமர்ந்த ஜார்ஜ் ஜெஃப்ரீஸ் பின்னாளில் தூக்குத் தண்டனை நீதிபதி என்றே பேர் வாங்கியவர். ஆனால் நம் கேஸுக்கு வேண்டியது அவருக்குக் கொஞ்சம் முந்திய ஒருவர்.

1670 ஆகஸ்ட் 14. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கூடத்தை அதிகாரிகள் பூட்டி வைத்திருந்ததால் வில்லியம் பென் லண்டன் கிரேஸ்சர்ச் தெருவிலேயே நின்று பிரசங்கம் செய்தார், கூட்டம் கூடியது, அவரையும் வில்லியம் மீட் என்பவரையும் கைது செய்தார்கள். பின்னாளில் பென்சில்வேனியாவை நிறுவிய அதே பென்தான், அப்போது வயது 25. செப்டம்பரில் ஓல்ட் பெய்லியில் விசாரணை. மேயரும் ஆல்டர்மேன்களும் மேடையில், சட்டம் பேசும் வேலை ரெக்கார்டர் ஜான் ஹௌவெலுடையது. எந்தச் சட்டத்தின்படி என் மீது குற்றம் சாட்டுகிறீர்கள் என்று பென் கேட்கிறார். பொதுச் சட்டத்தின்படி, அதாவது பழைய தீர்ப்புகளிலிருந்து வளர்ந்த ‘காமன் லா’வின்படி, என்கிறார் ரெக்கார்டர். அந்தப் பொதுச் சட்டம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். அதற்கு ரெக்கார்டர் சொன்ன பதிலை நான் எத்தனை தடவை படித்தாலும் சிரிப்பு வந்துவிடும்: இத்தனை வருஷத்துக்குப் பின்னோக்கி ஓடி, தீர்ப்பான இத்தனை வழக்குகளையும் எடுத்துச் சொல்லி உன் ஆவலைத் தீர்க்க என்னால் முடியும் என்று நினைக்காதே. அதாவது, நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதற்காகவே நூற்றாண்டுகளுக்கு முன்னால் உண்டாக்கிய பதவியில் உட்கார்ந்துகொண்டு, என்னால் எடுத்துச் சொல்ல முடியாது என்கிறார். பென் விடவில்லை. அது உண்மையிலேயே பொது என்றால் எடுத்துக் காட்ட இவ்வளவு கஷ்டமாக இருக்காதே என்று திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு ஜூரிகளுக்கு நடந்தது இன்னும் மோசம். தெருவில் பேசியது குற்றம் என்று மட்டும் சொல்கிறோம், சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்ல மாட்டோம் என்று பன்னிரண்டு பேரும் நின்றார்கள். நீதிமன்றம் ஏற்கும் தீர்ப்பு வரும்வரை சாப்பாடு, தண்ணீர், நெருப்பு, புகையிலை எதுவும் கிடையாது என்று ரெக்கார்டர் அவர்களை உள்ளே தள்ளிப் பூட்டச் சொன்னார். ஸ்பெயின்காரர்கள் சமய விசாரணை மன்றம் வைத்திருப்பதன் அருமை இப்போதுதான் புரிகிறது என்றும் புலம்பினாராம். இந்த உரையாடலெல்லாம் பென் தரப்பு அச்சிட்டு வெளியிட்ட விவரத்தில் இருப்பது, ஆகவே ரெக்கார்டரின் பேச்சில் கொஞ்சம் உப்புக் காரம் கூடியிருக்கலாம். இரண்டு இரவு பூட்டி வைத்தும் ஜூரி மசியவில்லை, குற்றமற்றவர்கள் என்றே முடித்தார்கள். ஆளுக்கு 40 மார்க் அபராதம், கட்டாவிட்டால் நியூகேட் சிறை. அவர்களில் எட்வர்ட் புஷெல் ஆட்கொணர்வு மனுப் போட, தலைமை நீதிபதி வாகன், ஜூரி சொன்ன தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று தீர்த்தார். ஓல்ட் பெய்லிக்குள் அதற்கு ஒரு கல்வெட்டே இருக்கிறது, ரெக்கார்டருக்கு அல்ல, ஜூரிகளுக்கு.

சரி, குருவிக்கு வருவோம்.

பாரிங்டன் வைத்திருந்தவற்றில் முக்கியமானது லின்னட், சிட்டுக்குருவி அளவில் இருக்கும், கூண்டுப் பறவையாக அப்போது லண்டனில் ரொம்பப் பிரபலம். குஞ்சுகளைச் சின்னதிலேயே எடுத்து, நன்றாகப் பாடும் மூன்று வகை வானம்பாடிகளிடம் ஆளுக்கொன்றாக விட்டு வளர்த்தார். மூன்றும் லின்னட்டின் பாட்டைப் பாடாமல் அதனதன் வாத்தியாரின் பாட்டையே பாடின. கென்சிங்டனில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் இருந்த லின்னட், மனிதக் குரலைக் கேட்டே வளர்ந்ததால், ‘பிரிட்டி பாய்’ என்று கிட்டத்தட்ட வார்த்தையாகவே சொல்லுமாம். வேல்ஸ் எல்லையில் நைட்டன் என்ற ஊரில் ஒரு கோல்டுஃபிஞ்ச், அப்படியே ரென் பறவை போலப் பாடியது. விசாரித்தால், அதன் கூண்டு மாட்டியிருந்த ஜன்னலுக்கு எதிரே தோட்டம், அங்கே ரென் பாடுவதைக் கேட்டுப் பழகியிருக்கிறது. குஞ்சு ரெக்கார்ட் செய்யத் தொடங்கிப் பத்து, பதினொரு மாதம் வரை அது நடக்கும், அதற்கப்புறம்தான் பாட்டு நிலைக்கும் என்கிறார். இதைக் குழந்தையின் மழலையோடு ஒப்பிட்டும் எழுதினார், டார்வின் பிற்பாடு அதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

இப்படிப் படித்தால், பறவை பிடிப்பவர்கள் அந்தக் கட்டத்துக்கு ஏன் ரெக்கார்டிங் என்றார்கள் என்பதற்குக் குழலே தேவையில்லை. குஞ்சு பாடம் ஒப்பிக்கிறது, அவ்வளவுதான். கேட்டதை நினைவிலிருந்து எடுத்து, மெல்லச் சொல்லிப் பார்த்து, தப்பாகச் சொல்லி, மறுபடி சொல்கிறது. பழைய வினைச்சொல்லின் பொருள் அச்சாக அதுவே. ஷேக்ஸ்பியர் காலத்திலேயே பறவை பாடுவதற்கு அந்த வினையைப் போட்டிருக்கிறார்கள். புத்தகம் படித்த லண்டன்காரர்களிடம் அந்தப் பொருள் தேய்ந்து, ரெக்கார்ட் என்றால் ஆவணம் என்று ஆன பிறகும், வலை விரிக்கிறவர்களின் தொழில்பேச்சில் அது செத்துப்போகாமல் இருந்திருக்கிறது.

அப்படியென்றால் பாரிங்டன் ஏன் குழலைப் பிடித்தார்? முன்பே சொன்ன காரணம் இங்கே. அவர் காலத்தில் ரெக்கார்டர் என்ற குழல் கண்ணில் படாத பொருளாகிவிட்டது. அதற்கு நூறு வருஷத்துக்கு முன், 1668 ஏப்ரலில், சாமுவேல் பீப்ஸ் ஒரு ரெக்கார்டரை விலைக்கு வாங்கி, உலகத்திலுள்ள ஒலிகளிலேயே தனக்கு மிகப் பிடித்தது இதுதான் என்று நாட்குறிப்பில் எழுதினார். அதற்குச் சில வருஷங்களில் பிரான்ஸிலிருந்து புது வடிவக் குழலும் அதை வாசிக்கிற ஆட்களும் வந்து இறங்கினார்கள், அவர்களோடு ‘ஃப்ளூட்’ என்ற பெயரும் வந்து அதே கருவிக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் குறுக்கே பிடிக்கிற ஜெர்மன் ஃப்ளூட் வந்து அதையும் ஓரங்கட்டியது. 1773-ல் பாரிங்டனுக்கு ரெக்கார்டர் என்பது பழைய நூல்களில் வரும் ஒரு பெயர், அது ‘ஒருவகைக் குழல் போலிருக்கிறது’. விஷயம் என்னவென்றால், 1717-ஐ ஒட்டி லண்டனில் கூண்டுப் பறவைகளுக்கு ராகம் பழக்குவதற்கென்றே ஃப்ளாஜலெட் என்ற சின்னக் குழலுக்கும் ஃப்ளூட்டுக்கும் மெட்டுகள் அச்சாகி விற்றன. அந்த ஃப்ளூட் வேறெதுவுமில்லை, நம்ம ரெக்கார்டரேதான், பெயர் மட்டும் மாறியிருந்தது. ஆக, குழலை ஊதிப் பறவைக்குப் பாட்டுப் பழக்கினார்கள் என்ற வரையில் பாரிங்டன் சொன்னது உண்மை. அதனால்தான் அந்த வேலைக்குப் பெயர் வந்தது என்பது நிற்கவில்லை, ஏனென்றால் திரும்பச் சொல்லிப் பழகுவது என்ற வினை, குழலுக்கு அந்தப் பெயர் கிடைப்பதற்கும் முந்தியது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வாய்ப்புத் தர வேண்டும். பறவைக்கு அந்த வினையைப் போட்ட எழுத்துச் சான்றுகள் குழலின் பெயருக்குப் பிந்தியவைதானே, அப்போது குழலிலிருந்து பறவைக்குப் போயிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கேட்கலாம்தான். ஆனால் ஒப்பிப்பது என்ற பொருள் ஏற்கனவே கையில் இருக்கும்போது, குழலைச் சுற்றிப் போய் அதே இடத்துக்கு வர வேண்டிய அவசியம் என்ன? என் கணக்கில் குழல், குஞ்சு, நீதிபதி மூவரும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கவில்லை, மூவரும் ஒரே தாய்க்குப் பிள்ளைகள். நீதிபதியும் குஞ்சும் என்ன ஒப்பித்தார்கள் என்று பார்த்தாயிற்று. குழல் எதை ஒப்பித்தது என்பதில்தான் கொஞ்சம் புகைமூட்டம். பழைய பிரெஞ்சில் கதையும் பாட்டும் சொல்லித் திரிகிற பாணனுக்கும் இந்தப் பெயர் உண்டு, அவன் கைக்கருவிக்கு அது போயிருக்கலாம். மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதிப் பழகும் கருவி என்று வந்திருக்கலாம். அந்த வீட்டுக் கணக்கில் ‘ரிகோர்டோ’ என்று வாசிப்பவர்கள் சொல்வதைப் போல நினைவுப்பொருளாகக் கொடுத்த குழலாகவும் இருக்கலாம். நான் பழகும் கருவி என்ற பக்கம் சாய்கிறேன், ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன்.

குழல் செத்துப் பிழைத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய இசைக்கருவிகளில் பைத்தியமாக இருந்த ஆர்னால்ட் டால்மெட்ச் வைத்திருந்த 18-ஆம் நூற்றாண்டு ரெக்கார்டர் 1919-ல் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் பையோடு தொலைந்துபோனது. ஆள் சும்மா இருக்கவில்லை, தன் அளவுக் குறிப்புகளை வைத்துத் தானே ஒன்றைச் செய்ய இறங்கினார். அதிலிருந்து அவர் பட்டறையில் ரெக்கார்டர் செய்வது தொடங்கியது, பிறகு அது பள்ளிக்கூடங்களுக்குள் போனது, பிளாஸ்டிக்கில் வந்ததும் விலை இறங்கியது. இன்று மேற்கத்திய நாடுகளில் பல பிள்ளைகள் முதலில் ஊதிப் பெற்றோர் காதைக் கிழிக்கும் கருவி அதுதான்.

இயந்திரத்துக்கு வந்தால் பொருள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. கடலடித் தந்திக் கம்பியில் வரும் மெல்லிய மின்துடிப்பை மையால் காகித நாடாவில் கோடாக இழுக்க வில்லியம் தாம்சன் 1867-ல் செய்த கருவிக்கு சைஃபன் ரெக்கார்டர் என்று பெயர். அது எழுதும், பேசாது. 1877-ல் வந்த எடிசனின் ஃபோனோகிராஃப் பின்னால் மெழுகு உருளைக்கு மாறியபோது அதற்கு இரண்டு தனித்தனி உறுப்புகள் வந்தன. உருளையில் கீறுவதற்கு ஒன்று, அதற்குப் பெயர் ரெக்கார்டர். கீறியதைத் திரும்பப் பேசவைப்பதற்கு இன்னொன்று, அதற்குப் பெயர் ரிப்ரொட்யூசர். பாருங்கள், திரும்பச் சொல்வதே வேலையாக இருந்த பெயர், திரும்பச் சொல்வதைத் தவிர மற்றதைச் செய்யும் உறுப்புக்குப் போய்விட்டது. 1898-ல் டென்மார்க்கின் வால்டெமார் பௌல்சன் எஃகுக் கம்பியில் காந்தமாகக் குரலைப் பிடித்தார், 1935-ல் ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் நாடாவில் ஓடும் மேக்னெட்டோஃபோனைக் காட்சிக்கு வைத்தது, அந்த வழியில் வந்ததுதான் நம் வீட்டு டேப் ரெக்கார்டர். அதில் பதியவும் கேட்கவும் ஒரே பெட்டி என்பதால் பழைய பொருள் பின்வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, நம் பக்கத்தில் இந்தப் பெயர் எங்கே தட்டுப்படும் என்று பார்த்தால், டேப் ரெக்கார்டருக்கு வெகு முன்பே மதராஸில் ரெக்கார்டர் இருந்தார். 1688-ல் கம்பெனி மதராஸுக்கு மேயர், ஆல்டர்மேன்கள் கொண்ட மாநகராட்சியை உண்டாக்கியபோதே, மேயர் நீதிமன்றத்தில் சட்டம் தெரிந்தவராக உட்கார ஒரு ரெக்கார்டரையும் வைத்தார்கள், சர் ஜான் பிக்ஸ். லண்டன் அமைப்பை அப்படியே கப்பலேற்றிக் கொண்டுவந்த மாதிரி. பின்னாளில் மேயர் நீதிமன்றத்தில் சட்டம் படிக்காத வியாபாரிகளே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள் என்ற அதிருப்தி முற்றி, 1797-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டு, 1798-ல் மதராஸிலும் பம்பாயிலும் ரெக்கார்டர் நீதிமன்றங்கள் தொடங்கின. மேயர், மூன்று ஆல்டர்மேன்கள், தலைமையில் ரெக்கார்டர். மதராஸுக்கு வந்தவர் சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தலைமை நீதிபதியாக இருந்துவிட்டு வந்தவர். வாரிசுரிமை, சொத்து, ஒப்பந்த வழக்குகளில் இந்துக்களுக்கு இந்துச் சட்டமும் வழக்கமும், முஸ்லிம்களுக்கு அவர்களுடையது என்று அந்தச் சட்டமே சொல்லியிருந்தது. லண்டன் ரெக்கார்டர் தன் ஊர் வழக்கத்தைத் தானே வாய்விட்டுச் சொல்லுவார். இவருக்கோ வழக்கம் என்ன என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும். பண்டிதர்களின் கருத்துகளைத் திரட்டி 1825-ல் அவர் இந்துச் சட்டத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் வெளியிட்டதற்குப் பின்னால் அந்தத் தேவை இருக்கிறது என்று நினைக்கிறேன். ரெக்கார்டர் நீதிமன்றத்துக்கு மதராஸில் ஆயுள் குறைவு, 1801-ல் அது சுப்ரீம் கோர்ட் ஆனது, ஸ்ட்ரேஞ்சே முதல் தலைமை நீதிபதி. பம்பாயில் 1820-கள் வரை ஓடியது.

இன்னும் நீண்ட நாள் இருந்தது கடலுக்கு அந்தப் பக்கம். பினாங்கில் 1808-லிருந்து ரெக்கார்டர் உண்டு, பிறகு மலாக்காவும் சிங்கப்பூரும் அதே நீதிமன்றத்தின் கீழ் சேர்ந்தன. ரங்கூனில் 1900 வரை ரெக்கார்டர் நீதிமன்றம் நடந்தது. இந்த ஊர்களில் எல்லாம் தமிழ் வியாபாரிகளும் செட்டியார்களும் கடை வைத்து, வட்டிக்கு விட்டு, உயில் எழுதி, ஒருவர் மேல் ஒருவர் வழக்கும் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆங்கில ஆவணம் ஒன்றைக் குடும்பப் பெட்டியிலிருந்து எடுத்துப் படிக்கிறவர்கள், ரெக்கார்டர் முன்னிலையில் என்று இருப்பதைப் பார்த்ததும் பத்திரப் பதிவு அலுவலர் என்று எடுத்துக்கொண்டு விடுகிறார்கள். அவர் அந்த ஊரின் நீதிபதி, அந்தக் காகிதம் ஒரு நீதிமன்ற நடவடிக்கையின் மிச்சம். தேட வேண்டியது பழைய நீதிமன்றக் கோப்புகளில், பதிவு அலுவலகத்தில் இல்லை.